யோகன் தந்த சீனி

போன வருஷத்து எங்கட தமிழ்ச் சங்க மலரில யோகன் ஒரு கட்டுரை எழுதியிருந்தான், சீனி ஃபக்டரியில வேலை செய்த காலத்தைப் பற்றி. நல்லாத்தான் எழுதியிருந்தான், அதைச் சொல்லத்தான் வேணும். ஆனால் பக்கத்தில போட்டிருந்த படத்தைக் கண்டதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வெள்ளைக் கோட்டும் கையில கண்ணாடிக் குழாயுமாய் ஐயா நிக்கிறார். அந்தக் கோட்டு என்ர கோட்டு. "அண்ணே, ஒருக்காத் தாங்களன், ஊருக்கு அனுப்ப ஒரு படம் எடுத்திட்டுத் தாறன்" எண்டு கெஞ்சி வாங்கிப் போட்டவன். யோகன் ஒருநாளும் தண்ணி சோதிச்சவனில்லை. சோதிச்சது நான்.

இந்த வருஷம் மலர்க்குழுப் பிள்ளையள் என்னட்டை எழுதச் சொல்லிக் கேட்டவை. இப்ப அந்த மாதிரி ஃபக்டரியளில தண்ணியை ஆள் பாக்கிறேல்லையாம், குழாய்க்குள்ள ஒரு கருவி இருந்து தானே பாத்துத் தானே சொல்லுமாம், அதால பழைய ஆக்களின்ர அனுபவம் வேணுமாம். முதல்ல யோகனைத்தான் திரும்பவும் கேட்டவை, அவன் நேரமில்லை எண்டாப் பிறகுதான் என்னட்டை வந்தவை எண்டும் எனக்குத் தெரியும். பரவாயில்லை. நான் எழுதுறன்.

யாழ்ப்பாணத்தில நான் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில உதவியாளனாய் இருந்தவன். போத்தில் கழுவிறது, அமிலம் கலக்கிறது, பெடியள் உடைச்சதுக்குக் கணக்குச் சொல்லுறது. அக்காமாரின்ர கலியாணமெல்லாம் முடிச்சுப்போட்டுத்தான் எனக்குக் கலியாணம். எனக்கு முப்பத்தஞ்சு தாண்டியிட்டுது, என்ர மனுசி ராணிக்கு முப்பத்துமூண்டு. ஒரு வருஷம்கூடச் சேந்திருக்கேல்லை, நான் டென்மார்க்குக்கு வெளிக்கிட்டன். இங்க அகதி எண்டு ஏற்றுக்கொண்ட கையோட, கடற்கரைப் பட்டணம் ஒண்டில இருந்த சீனி ஃபக்டரிக்குப் பருவகால வேலைக்கு ஆள் எடுத்தவை. ஃபக்டரியின்ர பேர் வேண்டாம். அமிலப் போத்திலைப் பயமில்லாமல் தூக்கினதைக் கண்டு என்னை லாபில விட்டவை. பாஷை தெரியாத எனக்கு அது பெரிய அதிர்ஷ்டம்.

யோகனும் அதே நேரம்தான் வந்தவன். மட்டக்களப்பு. பெந்தெகொஸ்தே சபைக்காரன், என்னைவிட ஏழு எட்டு வயசு இளமை. எங்கை நிண்டாலும் பாட்டுப் பாடிக்கொண்டு நிப்பான். ரெண்டு பேரும் ஒரே அறையில இருந்தம். கோடைக்குள்ள ரெண்டு பேரும் ஒண்டாய்ப் போய், மனுசிமாரைக் கூப்பிடுற விண்ணப்பத்தை எடுத்து, ஒரே மேசையில இருந்து நிரப்பினம். அவன் அண்டைக்கே கொண்டுபோய்த் தபாலில போட்டான்.

நான் போடேல்லை. ஆடி மாசம். ஆடியில நல்ல காரியம் தொடங்கக்கூடாதெல்லே! "கொண்டாங்க அண்ணே, ரெண்டையும் சேத்துப் போடுறன்" எண்டு யோகன் கையை நீட்டினான். "நீ அல்லேலூயா சொல்லிப் போடுவாய், எனக்கு நாள் பாக்கவேணும்" எண்டன். ராணியும் போனில, "ஓம், ஆடி கழியட்டும்" எண்டுதான் சொன்னவ. ஆடி கழிஞ்சுது. ஆவணியில முதற் கிழமை எனக்குச் சந்திராட்டமம், அடுத்தது தேய்பிறை. வளர்பிறையில ஒரு நல்ல வியாழக்கிழமை, சாமிப்படத்துக்கு முன்னால வச்சுக் கும்பிட்டுப்போட்டு, ராகுகாலம் விலத்திக் கொண்டுபோய்ப் போட்டன். எண்பத்தேழாம் ஆண்டு செப்டெம்பர்.

அந்த மாசம்தான் இங்கத்தைய அரசாங்க மேலிடத்தில இருந்து ஒரு உத்தரவு போனது. தமிழ் ஆக்களின்ர குடும்ப விண்ணப்பங்களை அப்பிடியே போட்டு வையுங்கோ எண்டு. சட்டம் மாறேல்லை, அறிவிப்பு ஒண்டும் வரேல்லை, வாய்ச்சொல். அது எங்களுக்கு அப்ப தெரியாது. யோகன்ர விண்ணப்பம் அதுக்கு முன்னமே மேசையைத் தாண்டிப் போயிட்டுது. என்ரது அலுமாரிக்குள்ள போய்ப் படுத்திட்டுது.

இனி வேலையைச் சொல்லுறன். சீனி ஃபக்டரி எண்டால் சீனிதான் கதை எண்டு நினைப்பியள். இல்லை, தண்ணிதான் கதை. பீட்ரூட் மாதிரி, ஆனால் வெள்ளையாய், ஒரு பெரிய கிழங்கு. லொறி லொறியாய்ச் சேத்தோட வரும். அதைக் கழுவ ஒரு தண்ணி, வாய்க்காலில மிதக்கவிட்டு உள்ளுக்குக் கொண்டுபோக ஒரு தண்ணி, சீவின கிழங்கில இருந்து இனிப்பைப் பிரிக்க இன்னொரு தண்ணி. அந்தச் சாறை ஆளைவிடப் பெரிய அஞ்சு கொதிபானைகளில வத்தவைப்பினம். அதில எழும்புற ஆவி குளிர்ந்து தண்ணியாகித் திரும்ப பொயிலருக்குப் போகும். அந்தத் தண்ணியைத்தான் மணிக்கொருக்கா நான் பாக்கவேணும். பானையில ஒரு குழாய் ஒழுகினாலும் சாறு அந்தத் தண்ணியோட கலந்திடும். சீனித்தண்ணி பொயிலருக்குள்ள போனால் புளிச்சு அமிலமாகும், நுரைக்கும், குழாயளை அரிச்சுப் போடும். பொயிலர் நிண்டால் ஃபக்டரி நிண்டிடும். வெளியில குவிஞ்சு கிடக்கிற கிழங்கெல்லாம் அழுகும்.

சோதிக்கிற விதத்தைச் சொல்லுறன், யோகன் எழுதாததால. குழாயை அதே தண்ணியால மூண்டுதரம் அலசவேணும். ரெண்டு விரல் உயரத்துக்குத் தண்ணி எடுத்து ஆறவிடவேணும். நப்தோல் எண்டு ஒரு மருந்து, மண்ணிறப் போத்திலில இருக்கும், அதில ரெண்டு மூண்டு துளி. பிறகு குழாயைச் சரிச்சுப் பிடிச்சு, கந்தக அமிலத்தைச் சுவரோரமாய், பூனை நடக்கிற மாதிரி, மெல்ல இறக்கவேணும். அமிலம் பாரம், அடியில போய் நிக்கும். குலுக்கக்கூடாது. தண்ணியும் அமிலமும் சந்திக்கிற இடத்தில வெள்ளைக் கடுதாசியைப் பின்னால பிடிச்சுப் பாத்தால், சீனி இருந்தால் ஊதா நிறத்தில ஒரு வளையம் தெரியும். கண்ணுக்குத் தெரியாத, நாக்குக்குத் தெரியாத சீனியைக்கூட அது காட்டிக் குடுத்திடும்.

இதையெல்லாம் எனக்குக் காட்டித் தந்தவ கிர்ஸ்டன், லாபுக்குப் பொறுப்பான மனுசி. ஐம்பது வயசு மட்டில, நெட்டை, ஆண்பிள்ளையளின்ர சப்பாத்து. கத்தினதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழட்டித் துடைப்பா, அவ்வளவுதான். நான் ஓடிப்போய் ஏதும் சொன்னால் முதல் ஒண்டு கேப்பா. டெனிஷில கேட்டது எனக்குத் தமிழில இப்பிடித்தான் காதில விழும்: "பாத்தனியா, நினைச்சனியா?" தண்ணி கலங்கலாய் இருக்கு எண்டு போனாலும் அதுதான். அமிலம் முடியப்போகுது எண்டு போனாலும் அதுதான். பாத்தன் எண்டால் கூட வருவா. நினைச்சன் எண்டால், போய்ப் பாத்திட்டு வா எண்டு விட்டிடுவா.

ஐப்பசி பிறந்தது. கிழங்குப் பருவம் உச்சம். அப்பதான் ஊரில இந்தியன் ஆமியோட சண்டை தொடங்கினது. யாழ்ப்பாணத்துக்கு போன் லைன் இல்லை. ரேடியோவில ஊர்ப்பேர் ஒவ்வொண்டாய்ச் சொல்லுவான், ராணியின்ர ஊர்ப்பேர் வருமோ எண்டு காதை வச்சுக்கொண்டு இருப்பன். குடிவரவு அலுவலகத்துக்கு போன் அடிச்சால், "உங்கட விண்ணப்பம் பரிசீலனையில இருக்கு." ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம். ராணி உயிரோட இருக்கிறாவோ எண்டே தெரியாது, இவையள் பரிசீலிக்கினமாம்!

அப்பிடியான ஒரு காலமை, லாபில எல்லாரும் கோப்பி குடிக்கிற நேரம், யோகன் கொதிபானைப் பக்கத்தில இருந்து ஓடி வாறான். அவனுக்கு அங்கதான் வேலை, பானைகளின்ர வால்வு திறந்து பூட்டுறது. ரெண்டு கையையும் ஏந்திக்கொண்டு வாறான், கை நிறையச் சீனி, மெஷினில இருந்து அப்பதான் விழுந்தது, சூடு ஆறேல்லை.

"அண்ணே, என்ட பொஞ்சாதி வாறா! கொழும்புக்கு வந்திட்டா, டிக்கட் போட்டாச்சு!"

நல்ல செய்தி எண்டால் வாயில சீனி போடுறது எங்கட வழக்கம். ஆனால் சீனி ஃபக்டரிக்குள்ள சீனி குடுத்த ஆள் உலகத்தில யோகன் ஒருத்தன்தான். டெனிஷ்காரருக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஒருத்தன் சிரிச்சுக்கொண்டு தன்ர கோப்பிக்குள்ள போட்டுக் கலக்கினான். கிர்ஸ்டன் தன்ர கையில விழுந்த சீனியை முகர்ந்து பாத்திட்டு நாக்கால தொட்டா. கடைசியாய் யோகன் என்ர கையைப் பிடிச்சு விரிச்சு, மிச்சம் முழுக்கக் கொட்டினான்.

"உங்கட ஆளும் வருவா அண்ணே. நான் ஜெபத்தில வச்சிருக்கன்."

"சந்தோஷமடா தம்பி" எண்டன். வாய் சொன்னது. வயிறு பத்தியெரிஞ்சது. ஒரே மேசை, ஒரே பேனை, அவன்ர மனுசி பிளேனில வாறா, என்ர மனுசி எந்தக் கோயிலுக்குள்ள ஓடி ஒளிச்சிருக்கிறாவோ! என்ர கடவுளுக்கு நாள் பாத்து, நேரம் பாத்து, கற்பூரம் கொளுத்தினனான். அவன் ஒண்டும் பாக்கேல்லை. அவன் பாட்டுத்தான் பாடினவன். அந்தச் சீனியை என்னால வாயில வைக்க ஏலாமல் போச்சு. எல்லாரும் பாக்கினம், குப்பையில போட்டால் மரியாதையில்லை. திரும்பி நிண்டு கோட்டுப் பைக்குள்ள விட்டன்.

மணி அடிச்சுது. போத்தில்களை எடுத்துக்கொண்டு போய்ப் பொயிலருக்குப் போற தண்ணியில பிடிச்சுக்கொண்டு வந்தன். அலசினன், ஆறவிட்டன், அமிலத்தை இறக்கினன். கடுதாசியைப் பின்னால பிடிச்சன்.

வளையம். நல்ல தடிச்ச, கத்தரிப்பூ நிறத்து வளையம்.

உடனே எனக்கு என்ன தோன்றினது எண்டு சொல்லட்டே? பயமில்லை. குளிர்ச்சி. யோகன்ர பானை ஒழுகுது! பாட்டுப் பாடிச் சீனி குடுத்துக்கொண்டு திரிஞ்சால் பானை ஒழுகாமல் என்ன செய்யும்? பொயிலருக்கு போன் அடிச்சன். அந்தத் தண்ணியை வெளியில விட்டிட்டுப் பச்சைத்தண்ணிக்கு மாத்தினாங்கள், ஆவி குறைஞ்சுது, ஃபக்டரி முழுக்க மெஷின் சத்தம் தணிஞ்சுது. எந்தப் பானை எண்டு பிடிக்க நான் அஞ்சு போத்திலோட ஓடினன். ஃபோர்மன் யோகனைப் போட்டுக் கத்துறான். யோகன் வேர்க்க வேர்க்க ஏணியில ஏறுறான், இறங்குறான், என்னைக் கண்டு, "எது அண்ணே? எது?" எண்டு கேக்கிறான். முகம் வெளிறிப் போச்சு. மனுசி வாற நேரம் வேலை போனால் என்ன கதி எண்ட பயம் அவனுக்கு. நான் முகம் குடுக்கேல்லை.

அஞ்சு குழாயையும் வரிசையாய் வச்சுச் சோதிச்சன். அஞ்சிலயும் வளையம்.

கிர்ஸ்டன் வந்து குனிஞ்சு பாத்தா. "அஞ்சு பானையும் ஒரே மணித்தியாலத்தில ஒழுகுதா?" எண்டா.

"ஓம், யோகன் சரியாய்க் கவனிக்கேல்லை எண்டு..."

"பாத்தனியா, நினைச்சனியா?"

அவ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. ஒரு புதுப் போத்திலை எடுத்துக்கொண்டு தானே போய்த் தண்ணி பிடிச்சுக்கொண்டு வந்தா. தானே அமிலத்தை இறக்கினா. கடுதாசிக்கு முன்னால தண்ணி தண்ணியாய் நிண்டது. வளையமில்லை, மருந்துக்கும் இல்லை.

பிறகு ஒவ்வொண்டாய்ப் பாத்தா. குழாய், மருந்து, என்ர விரல். போத்தில் மூடுற தக்கையை எடுத்து வெளிச்சத்தில பிடிச்சா. தக்கையளை நாங்கள் எல்லாரும் கோட்டுப் பையிலதான் போடுறது, தண்ணி பிடிக்க ரெண்டு கையும் வேணுமெல்லே. "பையைக் கவிழ்" எண்டா. கவிழ்த்தன். மேசை முழுக்கச் சீனி.

எனக்கு நிலம் பிளந்தால் நல்லா இருக்கும் எண்டிருந்தது. அவ போனை எடுத்து ஃபோர்மனுக்கு ஒரே வசனம் சொன்னா: "பானையில ஒண்டுமில்லை, பிழை எங்கட லாபில." என்ர பேர் சொல்லேல்லை. எங்கட எண்டுதான் சொன்னா. சத்தம் திரும்ப எழும்பினது. போனை வச்சிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "ஏன் நீ சாப்பிடேல்லை?" எண்டு கேட்டா.

எனக்குத் தெரிஞ்ச அரைகுறை டெனிஷில எல்லாத்தையும் சொன்னன். ராணியை, சண்டையை, ஒரே மேசையில எழுதின விண்ணப்பத்தை. அவனில எனக்குப் பொறாமை எண்டும் சொன்னன், அந்தச் சொல்லு அகராதியில தேடி எடுத்து வச்சிருந்தனான். எனக்குப் பிறகு போட்ட தமிழ் ஆக்கள் ஒருத்தருக்கும் பதில் வரேல்லை எண்டும் சொன்னன். நான் விசாரிச்ச பட்டணமெல்லாம் அப்பிடித்தான், ஹோர்சன்ஸில ஒருத்தருக்கும் இல்லை, கோல்டிங்கில ஒருத்தருக்கும் இல்லை, ஓகூஸில ஒருத்தருக்கும் இல்லை. எங்கையோ பூட்டி வச்சிருக்கினம்.

கிர்ஸ்டன் இல்லையெண்டு தலையை ஆட்டினா. "இங்க சட்டம் இருக்கு. மெல்லத்தான் போகும், ஆனால் போகும். பூட்டி வைக்க மாட்டாங்கள். அது நீ நினைக்கிறது." அதை நல்ல மனசோடதான் சொன்னா. தக்கையளைச் சுடுதண்ணியில போட்டிட்டு, இனிமேல் தட்டில வை எண்டா. அவ்வளவுதான் தண்டனை.

யோகன்ர மனுசி வந்தா. அவையள் கோல்டிங் பக்கம் வீடெடுத்துப் போயிட்டினம். அறையில நான் தனிச்சன். சண்டை ஓய்ஞ்சு, ராணி உயிரோட இருக்கிறா எண்டு ஒரு செய்தி வந்தது. மற்றப்படி, பரிசீலனையில இருக்கு. அடுத்த கிழங்குப் பருவம் வந்தது. யோகனுக்குப் பெட்டைப்பிள்ளை பிறந்ததெண்டு போன். பரிசீலனையில இருக்கு.

பிறகு ஒருநாள் பேப்பரில வந்திட்டுது. விண்ணப்பங்களை வேணுமெண்டு கிடப்பில போட்டது, அதுவும் சட்டத்துக்கு மாறாய். தமிழ் வழக்கு எண்டு பேர் வச்சாங்கள். நான் குழாய் கழுவிக்கொண்டு நிண்டனான். கிர்ஸ்டன் வந்து பேப்பரை ஈரமேசையில விரிச்சு வச்சா. கண்ணாடியைக் கழட்டினா, ஆனால் துடைக்கேல்லை, கையிலயே வச்சிருந்தா. கண் சிவந்து கிடந்தது.

"நீ பாத்தனி" எண்டா. "நான்தான் நினைச்சன்."

இந்த நாட்டு மனுசர் ஒருத்தர் எனக்கு முன்னால தன்ர நாட்டுக்காக வெக்கப்பட்டு நிண்டதை அண்டைக்குத்தான் கண்டன். அந்த வழக்கால அரசாங்கம் விழுந்தது அதுக்குப் பல வருஷம் பிறகு. டிவியில எல்லாரும் அதைப் பெரிசாய்க் கதைச்சினம். எனக்கு அண்டைக்கு லாபில நடந்ததுதான் பெரிசு.

தொண்ணூறாம் ஆண்டு ராணி வந்தா. எயார்போட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது ஆர்? யோகன்தான், தன்ர காரில. பின் சீட்டில அவன்ர மகள் என்ர மடியில தலையை வச்சு நித்திரை. வழி நீளத்துக்கும் அந்தப் பிள்ளையின்ர தலைமயிரைப் பாத்துக்கொண்டு வந்தன். அதைவிட எரிஞ்ச நாள் எனக்கு இல்லை.

எங்களுக்குப் பிள்ளை தங்கேல்லை. ரெண்டுதரம் வந்து போச்சு. ஆஸ்பத்திரியில டாக்குத்தர் நல்ல மனுசன், ராணியின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னார். அவவுக்கு அப்ப பாஷை தெரியாது, நான்தான் சொல்லவேணும். "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமாம்" எண்டன். ராணி என்னைத் திரும்பிப் பாத்தா. "ஏதோ நான் வரமாட்டன் எண்டு நிண்ட மாதிரி" எண்டா.

பிறகு அந்த ஃபக்டரியை விட்டு ஹோர்சன்ஸுக்கு வந்து, வேற ஃபக்டரியில வேற தண்ணி பாத்து, பென்ஷனும் எடுத்தாச்சு. யோகனுக்கு மூண்டு பிள்ளையள், அவையளுக்குக் கலியாணமும் முடிஞ்சுது. ஒவ்வொரு நல்ல செய்திக்கும் ரயிலேறி வந்து சீனி தந்திட்டுத்தான் போவான். நானும் ஒவ்வொரு முறையும் வாங்கி, அவன் அங்கால திரும்ப, பைக்குள்ள விட்டிடுவன். எத்தினை காற்சட்டைப் பையில ராணி எறும்பு கண்டிருப்பா எண்டு எனக்குத் தெரியாது. அவ ஒருநாளும் கேட்டதில்லை.

போன மாசம் வந்தவன். பேத்தி பிறந்திருக்காம். அண்டைக்கு என்ர மடியில நித்திரை கொண்ட பிள்ளைக்குப் பிள்ளை. ராணியின்ர கையில சீனியைக் கொட்டினான், பிறகு என்ர கையில. "வாயில போடுங்க அண்ணே." மலரில வந்த அந்தக் கோட்டுப் படத்து எரிச்சல் வேற எனக்கு. கை தானாய் மூடிக்கொண்டது.

ராணி தன்ர பங்கை வாயில போட்டா. பிறகு என்ர கையைப் பாத்தா. கிட்ட வந்து இருந்து, யோகன் பாத்துக்கொண்டிருக்க, என்ர விரலை ஒவ்வொண்டாய் விரிச்சு, அந்தச் சீனியையும் அள்ளித் தன்ர வாயில போட்டா.

"எனக்கும் எரியிறதுதான் யோகன்" எண்டா. "இவரைவிட எனக்குக் கூட எரியும். அதுக்காகப் பிள்ளை பிறந்த சீனியைப் பைக்குள்ள போடுறதே? படத்தைக் காட்டு பாப்பம், ஆரைப்போல கிடக்கு?"

யோகன் போனை எடுத்து நீட்டினான். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பாத்தன். சின்ன முகம், நல்ல கறுத்த தலைமயிர், தாயின்ர மாதிரி. ராணி என்ர கையை விடேல்லை. ரெண்டு பேரின்ர கையும் பிசுபிசு எண்டு இருந்தது. அந்தக் கையோட ஒரு குழாயைத் தொட்டிருந்தால் கட்டாயம் வளையம் வந்திருக்கும்.